மடக்குக் கத்தியும் உருக்கின் தெரிவும்

மடக்குக் கத்தி சட்டைப்பையில் அடங்கும் சிறு கருவியே. ஆயினும் அதன் அலகுக்கு எவ்வுருக்கைக் கொள்வது என்னும் வினா கொல்லர் தொழிலின் உயிர்நிலையைத் தொடுவதாம். கூர் நெடிது நிற்றல், ஒடியாமை, துருவேறாமை, எளிதில் தீட்டப்படுதல் என அலகுக்கு வேண்டிய குணங்கள் நான்கு. இவை ஒருங்கே ஓர் உருக்கில் நிறைவுறுதல் அரிது. கரி மிகின் கடினம் மிகும்; உடன் ஒடியுந் தன்மையும் மிகும். ஆதலின் எதைப் பெற எதை விடுவது என்பதே தொழிலாளன் ஆராய வேண்டுவது.

இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகர வரலாறு இதற்குத் தக்க சான்று. அங்கு முன்னாளில் இரும்பைக் கரித்தூளிற் புதைத்து நெடுநாட் காய்ச்சி உருக்காக்கினர். கரி எங்கும் ஒப்பப் பரவவில்லை. கடிகார வேலைக்காரரான பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் நல்ல வில் வேண்டி, 1740-ஐ ஒட்டி மண் மூசையில் அதனை உருக்கிச் சீராக்கினார். மிகக் கடினமென்று உள்ளூர்க் கத்திக்காரர் முதலில் அதனை ஒதுக்கினர் என்பர்.

மூசையில் உருக்குக் காய்ச்சுங் கலையோ தென்னிந்தியக் கொல்லர்க்கு மிகப் பழையது. ‘ஊட்ஸ்’ என்று ஐரோப்பியர் அழைத்த அவ்வுருக்கைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795-ல் லண்டன் ராயல் சங்கத்திற்கு ஆராய்ச்சியுரை அளித்தார். லண்டன் கத்தித் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்டோடர்ட் பல்லாண்டு சோதித்து, ஐரோப்பாவின் சிறந்த உருக்கினும் அதுவே மேலெனத் தம் விளம்பரச் சீட்டில் அச்சிட்டார். மைக்கேல் பாரடேயுடன் கூடி உருக்குக் கலவைகளையும் ஆராய்ந்தார்.

1913-ல் ஷெப்பீல்டில் ஹாரி பிரியர்லி நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் கலந்து துருவேறா உருக்கைக் கண்டார். அதில் கரி 0.24 பங்கே, தோய்ச்சற்கு வேண்டிய வெப்பமும் வேறு. அதனால் முதற் கத்திகள் ‘வெட்டாத கத்தி’ என எள்ளப்பட்டன. இன்றோ பிரான்சின் ஒப்பினெல் கம்பெனியார் இருவகையும் செய்கின்றனர். கரி 0.9 பங்குடைய உருக்கு எளிதில் தீட்டப்படும், ஆயின் துடைத்துப் பேண வேண்டும். குரோமிய உருக்கு ஈரத்திற்கும் கனிச்சாற்றிற்கும் தாங்கும். மரஞ்செதுக்குவோனுக்கு முன்னது, மீனவனுக்குப் பின்னது.

நிற்க. நம் நாட்டு மூசையுருக்குத் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நலிந்தது. அதன் முறைகளுட் பல பிறநாட்டார் எழுதிய குறிப்புகளாலேயே இன்று அறியப்படுகின்றன. செய்த கைகள் எழுதிவைத்தில. எனவே, உலைநிறமும் தோய்ச்சற் பக்குவமும் அறிந்த முதியோர் உள்ள இல்லங்களில் இளைஞர்கள் அவற்றைக் கேட்டெழுதி வைப்பார்களாக. மறைந்த பின் வருந்திப் பயனென்?