இரண்டாவது சரிவு

1934-ம் வருடம், ஜனவரி மாதம். கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கராஜ் வைத்திருந்த ஜோசப் அர்மாண்ட் பாம்பார்டியே என்கிற 26 வயது மெக்கானிக்கின் வீட்டில், இரண்டு வயது மகனுக்குத் திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி. உள்ளே சீழ் பிடித்துவிட்டது. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரியோ சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சாலையெல்லாம் பனியில் புதைந்து கிடக்க, கார் நகராது. இதில் கொடுமை என்னவென்றால், பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்யத்தான் பாம்பார்டியே சின்ன வயசிலிருந்தே முயன்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அந்த வண்டி, கராஜில் பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டபடி கிடந்தது. குழந்தை இறந்துவிட்டது.

மனிதர் வெறியோடு உழைத்தார். 1937-ல் ஏழு பேர் உட்கார்ந்து போகக்கூடிய பனி வண்டி தயார். 1959-ல் அதன் குட்டித் தம்பி ‘ஸ்கி-டூ’ வந்தது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் ரப்பர் பட்டை, ஸ்கூட்டர் மாதிரி கால் போட்டு உட்கார ஒரு ஸீட். இதுதான் ஸ்நோமொபைல். ஒதுக்குப்புறக் கிராமங்களுக்குப் பாதிரியாரும் டாக்டரும் போய்வர உபயோகப்படும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால், ஜனங்கள் அதை வைத்துக்கொண்டு விளையாட ஆரம்பித்துவிட்டார்கள்!

1990-களில் எஞ்சின் வலுவாகி, ரப்பர் பட்டை நீளமாகி, வண்டி மலையேறவே ஆரம்பித்துவிட்டது. அரை நாள் மூச்சு வாங்கி ஏற வேண்டிய சரிவில் இரண்டு நிமிடத்தில் ஏறிவிடலாம். ‘யார் அதிக உயரத்தில் தடம் பதிக்கிறார்கள் பார்ப்போம்’ என்று ஒரு போட்டி விளையாட்டும் வந்தது. கீழே நண்பர்கள் நின்று கைதட்ட, ஒருவர் நேராக மேலே சீறிப் பாய்வார். எஞ்சின் திணறுகிற இடத்தில் சட்டென்று திருப்பிக்கொண்டு இறங்குவார். அடுத்தவர் அதற்கும் மேலே. சில சமயம் வண்டி பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். உடனே உதவி செய்ய இன்னொரு நண்பர் இன்னொரு வண்டியில் ஏறுவார். ஆக, ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கும் சரிவின் மேல் இரண்டு வண்டிகளின் கனம்!

சரிவு ஏன் நடுங்குகிறது? வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, அதன் மேல் ரவையைத் தூவுங்கள். அதற்கு மேல் தடிமனான டிக்ஷ்னரி ஒன்றைப் படுக்க வையுங்கள். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். விரலால் லேசாகத் தட்டினால்..? மலையிலும் இதே கதைதான். கடுங்குளிரில் பழைய பனி, ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைப் பரல்களாக மாறிவிடும். அதன் மேல் புயல் வந்து கனமான புதுப் பனியை அடுக்கிவிட்டுப் போகும். சரிவு 30-லிருந்து 45 டிகிரிக்குள் இருந்தால் விபத்துக்கு எல்லாம் ரெடி. ஒரு ஆளின் கனம் போதும், மேலே இருக்கிற பாளம் முழுசும் கண்ணாடி மாதிரி விரிசல் விட்டுக் கிளம்பிவிடும். உயிரைக் குடித்த பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிட்டது, செத்தவரோ அவருடன் போனவரோதான். (சினிமாவில் ஹீரோ உரக்கக் கத்தியதும் பனி சரியுமே, அது கப்ஸா! ஸ்விட்சர்லாந்தில் நம்மவர்கள் எத்தனை டூயட் பாடியிருக்கிறார்கள், ஒன்றும் சரியவில்லை.)

நான் சொல்ல வந்தது முதல் சரிவைப் பற்றி அல்ல. அதற்கு ஸ்நோமொபைலே இல்லாத ஒரு காலத்துக்குப் போக வேண்டும்.

1910-ம் வருடம், மார்ச் 4. கனடாவின் மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ரோஜர்ஸ் கணவாய். அதன் வழியாகத்தான் கனடியன் பசிபிக் ரயில்பாதை போனது. பக்கத்து மலையிலிருந்து பனி சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டது. பனியை வெட்டித் தள்ளும் எஞ்சினோடு அறுபது பேர் கொண்ட கோஷ்டி வந்து, ராத்திரியும் விடாமல் வேலை பார்த்தது. அவர்களில் பலர், பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்த ஜப்பானியத் தொழிலாளர்கள். பனியை வெட்டி வெட்டி, இருபுறமும் சுவர் எழும்பிய ஒரு பள்ளத்துக்குள் நின்றிருந்தார்கள். மேஸ்திரி, வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று தகவல் சொல்லக் கொஞ்ச தூரம் நடந்து போனார். நள்ளிரவு நெருங்கும் நேரம், இந்தத் தடவை எதிர்ப் பக்கத்து மலையிலிருந்து இன்னொரு சரிவு இறங்கியது. மேஸ்திரி திரும்பி வந்தபோது விளக்கு வெளிச்சமோ சத்தமோ ஆட்களோ, எதுவுமில்லை! சுமார் 90 டன் எடையுள்ள ரயில் எஞ்சின் தூக்கி எறியப்பட்டுத் தலைகீழாகக் கிடந்தது. 58 பேர் செத்துப்போனார்கள். 32 பேர் ஜப்பானியர்கள். தோண்டி எடுத்தபோது சிலர் நின்றபடியே உறைந்திருந்தார்களாம். காற்றின் வேகத்தில் தூக்கி வீசப்பட்ட ஒரே ஒரு ஃபயர்மேன் பிழைத்தார்.

இனி, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டைத் தாண்டுவோம். 2008, டிசம்பர் 28. அதே மாகாணத்தில் ஃபெர்னி என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஹார்வி கணவாய். ஸ்பார்வுட் என்கிற நிலக்கரிச் சுரங்க ஊரைச் சேர்ந்த 11 நண்பர்கள் ஸ்நோமொபைல்களில் போயிருந்தார்கள். அந்த டிசம்பரில் முதலில் கடும் குளிர், பிறகு கனத்த பனிப்பொழிவு. ரவையும் டிக்ஷ்னரியும் ஞாபகமிருக்கிறதல்லவா? ஒரு சரிவு வந்து ஏழு பேரைப் புதைத்தது. சற்றுத் தள்ளி இருந்த நான்கு பேரும் ஓடிவந்து தோண்ட ஆரம்பித்தார்கள். தோண்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது சரிவு வந்து எல்லோரையும் அமுக்கிவிட்டது. இரண்டு பேர் எப்படியோ தாங்களாகவே வெளியே வந்து, கையாலேயே பறித்து மூன்றாமவரை விடுவித்தார்கள். அதற்குமேல் நின்றால் அடுத்த சரிவு வரலாம். கூட வந்தவர்களைப் பனிக்கு அடியில் விட்டுவிட்டு, மூன்று பேரும் நடக்கத் தொடங்கினார்கள். எட்டு பேர் திரும்பி வரவே இல்லை.

அந்த நால்வரைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? நண்பன் உள்ளே மூச்சுத் திணறிக் கிடக்கும்போது நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். அவசரத்துக்கு நியாயமான காரணமும் இருக்கிறது. ஓடும்போது மாவு மாதிரி பறக்கிற பனி, நின்றவுடன் கான்க்ரீட் மாதிரி இறுகிவிடும். உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்து, அதிலேயே செத்துப்போவார். முதல் கால் மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம் என்று, ஸ்விட்சர்லாந்து விபத்துகளை வைத்து 1994-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அந்தக் கால் மணியைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிட்டன. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் நம் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் பத்துப் பேர் புதைந்தார்களே, அதில் ஹனுமந்தப்பா என்பவரை ஐந்து நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11-ம் தேதி டெல்லி ஆஸ்பத்திரியில் அவரும் இறந்துபோனார். பலியானவர்களில் தமிழ்நாட்டு வீரர்களும் உண்டு. அத்தனை நாள் உயிர் தங்கியது அதிசயத்திலும் அதிசயம். அதை நம்பி யாரும் மலையேற முடியாது.

ஹெலிகாப்டர் வரும், போலீஸ் வரும், மோப்ப நாய் வரும்... எல்லாம் வரும், ஆனால் பத்து நிமிடத்தில் வராது. ஆக, புதைந்தவரை உயிரோடு எடுக்க முடிந்தவர்கள், பக்கத்தில் நிற்கும் நண்பர்கள் மட்டும்தான். அவர்களும் புதைந்துவிட்டால் கதை முடிந்தது.

1968-ல் ஜான் லாட்டன் என்கிற அமெரிக்க எஞ்சினீயர் ‘ஸ்காடி’ என்றொரு கருவியைக் கொண்டுவந்தார். உடம்பில் கட்டிக்கொண்டால் ரேடியோ அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் ‘தேடு’ என்று மாற்றிவைத்து, எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கலாம். இன்று எந்த கம்பெனி கருவியானாலும் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ் என்கிற ஒரே அலைவரிசைதான். கூடவே, குத்திப் பார்க்க ஒரு மடக்குக் கம்பி, தோண்ட ஒரு அலுமினிய மண்வெட்டி. இந்த மூன்றும் உடம்பிலும் முதுகுப் பையிலும் இருக்க வேண்டும், வண்டியில் கட்டிவைக்கக் கூடாது. உருண்டு விழும்போது வண்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்!

ஆனால், கருவியால் இரண்டாவது சரிவைத் தடுக்க முடியாது. ஒரு சரிவு விழுந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றுதான் நமக்குத் தோன்றும். நிஜம் நேர் எதிர். அதே புயல், அதே குளிர், அதே ரவை அடுக்கு பக்கத்துச் சரிவிலும் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதனால்தான் பயிற்சி வகுப்புகளில், மனசுக்கு ஒவ்வாத ஒரு விஷயத்தைச் சொல்லித் தருகிறார்கள்: நண்பன் புதைந்தவுடன் ஓடாதே, முதலில் தலையைத் தூக்கி மேலே பார். இன்னும் எது தொங்கிக்கொண்டிருக்கிறது? நாம் தப்பி ஓட எந்தப் பக்கம்? மேலே கண்ணு வைக்க ஒருத்தன் தனியே நிற்கட்டும். இதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் பொறுக்க மனசைப் பழக்குவதுதான் பயிற்சியிலேயே கஷ்டமான பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கும் முந்தைய பாடம் ஒன்று உண்டு. ஒரு சரிவில் ஒரே சமயத்தில் ஒரே ஒரு வண்டி. மற்றவர்கள் பனி வந்து விழ முடியாத இடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். சிக்கிக்கொண்டவருக்குத் துணையாக மேலே போகக் கூடாது.

இதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? 2010, மார்ச் 13. ரோஜர்ஸ் கணவாய்க்கு மேற்கே ரெவல்ஸ்டோக் ஊரை ஒட்டிய பௌல்டர் மலை. 1910 விபத்துக்குச் சரியாக நூறு வருடமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தன. அந்த வார இறுதியில் ஆபத்து அதிகம் என்று பனிச்சரிவு மையம் எச்சரித்திருந்தது. இருந்தும், சுமார் 200 பேர் திரண்டு, சரிவின் அடிவாரத்தில் கிரிக்கெட் மேட்ச் பார்ப்பது போல உட்கார்ந்து, மேலே ஏறும் வண்டிகளை வேடிக்கை பார்த்தார்கள். பனி அவர்கள் மேலேயே வந்து இறங்கியது. இரண்டு பேர் பலி, முப்பது பேர் அளவில் காயம். அத்தனை பெரிய கூட்டத்தில் கருவியும் மண்வெட்டியும் வைத்திருந்தவர்கள் நிறைய பேர் இருந்ததால், சாவு அதோடு நின்றது.

அந்த மையத்துக்கு இப்போது ‘அவலாஞ்ச் கனடா’ என்று பெயர். ரெவல்ஸ்டோக்கில்தான் தலைமையகம். குளிர்காலத்தில் தினமும், எந்த மலைத்தொடரில் எவ்வளவு ஆபத்து என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் கொடுக்கிறார்கள். ஐந்து என்றால் யாரும் போவதில்லை. நிறைய பேர் சாவது நடுவிலே இருக்கிற மூன்றில்தான். நம்மூரில் ‘பரவாயில்லை ரகம்’ என்போமே, அந்த எண்!

ஸ்நோமொபைல் பாதைகள் தொடங்குகிற இடங்களில் இப்போது ஒரு கம்பம் நட்டு, அதில் சின்னப் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். வண்டியோடு அதைக் கடக்கும்போது, உங்கள் மார்பில் கட்டியிருக்கும் கருவி வேலை செய்தால் பச்சை விளக்கு எரியும். அணைந்து கிடந்தால் சிவப்பு. கருவியே வாங்காதவருக்கும் சிவப்புதான். தடுத்து நிறுத்த அங்கே போலீஸ் கிடையாது. பின்னால் வரும் நண்பர்கள் மட்டும் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.