சுற்றி வந்த ஆண்டுகள்



பெப்ரவரி மாதத்திற்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுவதை நீங்கள் அறிவீர்கள். பூமி சூரியனைச் சுற்றிவர 365 நாட்களும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்களும் செல்கின்றன. அம்மணித்தியாலங்களைச் சேர்த்து ஒரு நாளாக்காவிடின், மாதங்கள் பருவங்களை விட்டு விலகிவிடும். இக்கணக்கில் முஸ்லிம் அறிஞர்களுக்கும் பெரும் பங்குண்டு. சுல்தான் மலிக்ஷாவின் ஆட்சியில், உமர் கையாம் உள்ளிட்ட வானியலாளர்கள் வகுத்த ஜலாலி நாட்காட்டி 1079ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பா தனது நாட்காட்டியைத் திருத்தியதோ 1582ஆம் ஆண்டிலேயே.

நமது ஹிஜ்ரி ஆண்டு பிறையைப் பின்பற்றுவது. அதற்கு 354 அல்லது 355 நாட்களே உள்ளன. மாதங்களை முன்பின் தள்ளும் ‘நஸீஃ’ எனும் பழைய அரபு வழக்கத்தை அத்தவ்பா அத்தியாயத்தின் 37ஆவது வசனம் கண்டித்தது. ஆகவே, பருவத்தோடு பொருத்துவதற்கென நாம் மாதம் எதனையும் கூட்டுவதில்லை. ரமழான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முந்தி வருகிறது. யாழ்ப்பாணத்து மக்கள் சோளகக் காற்றிலும் நோன்பு நோற்றனர். மாரி மழையிலும் நோற்றனர். சூரியக் கணக்கில் 33 ஆண்டுகள் கழியும்போது, பிறைக் கணக்கில் 34 ஆண்டுகள் நிறைவுறுகின்றன.

இக்கணக்கு நமக்கு வெறும் எண் அன்று. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டே மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அது ஹிஜ்ரி 1411, ரபீஉல் ஆகிர் மாதம். சோனகத் தெருவின் வீடுகள் வெறுமையாயின. பல குடும்பங்கள் புத்தளத்தை அடைந்தன.

2023 ஒக்டோபர் 30ஆம் திகதி வந்தபோது, அதுவும் ரபீஉல் ஆகிர் மாதமாகவே இருந்தது; ஹிஜ்ரி ஆண்டு 1445. இடையில் எட்டு பெப்ரவரி 29கள் வந்து போயின. சூரியக் கணக்கும் பிறைக் கணக்கும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புறப்பட்ட மாதத்திலேயே மீண்டும் சந்தித்தன. மனிதர்கள் அவ்வாறு சந்தித்தார்களா? 2009இல் போர் முடிந்தபின் சில குடும்பங்கள் திரும்பின. ஏனையோரின் பிள்ளைகள் வேற்றூரிலேயே வளர்ந்து பெற்றோராகிவிட்டனர்.

பெற்றோர்களே! அந்த நாளை இரு நாட்காட்டிகளிலும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பகையை ஊட்டுவதற்காக அன்று, ஊரை மறவாதிருப்பதற்காக. இளைஞர்களே! உங்கள் மூத்தோர் வாழ்ந்த தெருவையும், நீர் அள்ளிய கிணற்றையும், ஓதிய பள்ளியையும் கேட்டு எழுதிவையுங்கள். இரு கணக்குகளும் இவ்வாறு இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றிவர 2023இலிருந்து 33 ஆண்டுகள் செல்லும். அப்போது சொல்வதற்கு அம்மூத்தோர் இருக்கமாட்டார்கள். நீங்கள் எழுதியதே இருக்கும்.