செகண்ட் லைன்: பின்னால் வந்தவர்கள் தந்த பெயர்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆகஸ்ட் இறுதி தொடங்கி ஜூன் வரை, பெரும்பாலான ஞாயிறுகளில் பேண்டு வாத்திய ஊர்வலம் ஒன்று புறப்படும். உள்ளூர்க் கறுப்பின மக்கள் அதை ‘செகண்ட் லைன்’ என்கிறார்கள். இரண்டாம் வரிசை என்று பொருள். அப்படியானால் முதல் வரிசை எது?

ஊர்வலத்தை நடத்தும் சங்கத்தாரும் அவர்கள் அமர்த்திய வாத்தியக்காரர்களுமே முதல் வரிசை. சங்கத்தார் ஒரே நிற உடை உடுத்தி, மார்பின் குறுக்கே பட்டை அணிந்து, இறகு விசிறியோடு ஆடிவருவார்கள். டிரம்பெட், டிராம்போன், சூசாபோன், டிரம் ஆகியவை கூடவே முழங்கும். காவல்துறை அனுமதிக்கான கட்டணத்தைக் கட்டுவதும் சங்கமே. இவர்களுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும், யாரும் அழைக்காமலே தெருவில் இறங்கிக் கைக்குட்டை வீசி ஆடிவரும் கூட்டம்தான் ‘செகண்ட் லைன்’. முதலில் அந்தச் சொல் இந்தக் கூட்டத்தை மட்டுமே குறித்தது.

அந்தச் சங்கங்கள் கேளிக்கைக்காகப் பிறந்தவை அல்ல. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவர்களுக்குக் காப்பீடு எட்டாக்கனியாகவே இருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் சந்தா போட்டு, நோயுற்றவருக்கு மருத்துவச் செலவும் இறந்தவருக்கு அடக்கச் செலவும் கொடுக்கும் சங்கங்களை அவர்களே நடத்தினார்கள். 1884இல் தோன்றிய ‘யங் மென் ஒலிம்பியன்’ சங்கம் இன்றும் ஊர்வலம் போகிறது. ‘சோஷியல் எய்டு அண்ட் பிளெஷர் கிளப்’ என்று இத்தகைய சங்கங்களுக்கு வழங்கும் பெயரில் உதவியும் உல்லாசமும் அருகருகே நிற்கின்றன.

உறுப்பினர் இறந்தால் சங்கத்தின் சார்பில் பேண்டு வரும். கல்லறைக்குப் போகும்போது துக்கப் பாடல். நடை மெதுவாக இருக்கும். ஸ்னேர் டிரம்மின் அதிர்வை அடக்கிவிடுவார்கள். உடலுக்கு விடைகொடுத்த பிறகு அந்த டிரம் மீண்டும் அதிரும். பாட்டு துள்ளலாக மாறும். அதுவரை அடங்கி நடந்த கூட்டம் அப்போதுதான் ஆடத் தொடங்கும். துக்க வீட்டாரைத் தனியே திரும்பவிடாமல் ஊரே கூட வருவதுதான் அந்த ஆட்டம். ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் சிறுவனாக இப்படிப் பேண்டுகளின் பின்னால் ஓடியவர்; பல வாத்தியக்காரர்களுக்கு முதல் பள்ளி அதுதான்.

காலப்போக்கில் சொல் விரிந்தது. கூட்டத்தின் பெயர் அது ஆடும் ஆட்டத்துக்கு ஆயிற்று; பிறகு முழு ஊர்வலத்துக்கும் ஆயிற்று. பேஸ் டிரம்மும் ஸ்னேர் டிரம்மும் பின்னிக்கொள்ளும் தாளத்துக்கும் அதே பெயர். ஊர்வலத்தில் இருவர் வாசிப்பதை ஒருவரே டிரம் செட்டில் வாசித்தபோது, அந்தத் தாளம் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தது. ஏர்ல் பாமர் போன்ற நியூ ஆர்லியன்ஸ் கலைஞர்கள் வழியாக ராக் அண்ட் ரோல் இசையிலும் கலந்தது.

2005இல் கத்ரீனா புயலின்போது நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. மக்கள் பல மாநிலங்களுக்குச் சிதறினார்கள். ஞாயிறு ஊர்வலத்தில் கலந்துகொள்வதற்கென்றே தொலைவிலிருந்து வந்தவர்கள் உண்டு. ஊர்வலத்தையொட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டைக் காரணம் காட்டி நகர நிர்வாகம் அனுமதிக் கட்டணத்தைப் பன்மடங்கு உயர்த்தியது. சங்கங்கள் நீதிமன்றம் சென்றன. ஊர்வலம் கருத்துரிமையின் ஒரு வடிவம் என்று வாதிட்டு, 2007இல் கட்டணத்தைக் குறைக்க வைத்தன.

ஊர்வலம் என்றால் முன்னால் போகிறவரின் பெயரே விளங்குவது உலக வழக்கம். இங்கே அழைப்பில்லாமல் வந்து சேர்ந்தவர்களின் பெயர் நிலைத்துவிட்டது. அது நியாயமே. உடை, பட்டை, வாத்தியம் எல்லாம் பணம் கொடுத்தால் கிடைக்கும். பின்னால் வரும் மக்களை எந்தச் சங்கமும் வாடகைக்கு அமர்த்த முடியாது. அவர்கள் வருவதால்தான் அந்தச் சங்கத்தின் ஊர்வலம் ஒரு சமூகத்தின் ஊர்வலமாகிறது.