கரண்ட் போனால் எது நிற்கக் கூடாது? வீட்டுக்குள் வந்த சர்வர் ரேக்கின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களும், ஆக்சிஜன் மெஷினில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்பவர்களும் கடைசி வரை படிங்க.

முதலில் ஒரு பழைய ஞாபகம்.

லேண்ட்லைன் போன் இருந்த காலத்தில் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், டிவி நிற்கும். ஆனால் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?

அந்த போனுக்கான மின்சாரம் நம் வீட்டிலிருந்து போகவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வரிசையாக நின்ற பேட்டரிகளிலிருந்து, அதே செம்புக் கம்பி வழியாக, 48 வோல்ட்டாக வந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன் போகணும். போன் நிற்கக் கூடாது என்று முதலில் முடிவு செய்தார்கள். பேட்டரியை அதற்குப் பிறகு வாங்கினார்கள்.

இந்த வரிசையை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த பேட்டரி எங்கிருந்து வந்தது?

1859இல் பிரான்ஸைச் சேர்ந்த காஸ்டன் பிளாண்டே, ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் வைத்து, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். 1881இல் கமில் ஃபோர் தகட்டின் மேல் ஈயப் பசையைப் பூசி அதன் கொள்ளளவை உயர்த்தினார். இன்று உங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டுக்கொண்டு நிற்கிறதே, அது இந்தப் பரம்பரையின் வாரிசுதான்.

சர்வர் ரேக்கும் அதே எக்ஸ்சேஞ்சில்தான் வளர்ந்தது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1920களில் ரிலே கருவிகளை அடுக்க 19 அங்குல அகலத்தில் ஒரே அளவான இரும்புச் சட்டங்களை வைத்தது. நூறு ஆண்டுகள் கழித்து இன்றும் டேட்டா சென்டர் சர்வர்கள் அதே 19 அங்குலம்தான்! உயரத்தை 1.75 அங்குலக் கணக்கில் அளந்து அதை ஒரு 'யு' என்கிறார்கள்.

ஆக ரேக்கும் மாற்று மின்சாரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வளர்ந்தவை.

சரி, வீட்டுக்குள் பேட்டரி எப்போது வந்தது? இன்வெர்ட்டருக்கு வெகு காலம் முன்பே. 1916இல் அமெரிக்காவில் டெல்கோ லைட் என்ற வீட்டு மின் நிலையம் விற்பனைக்கு வந்தது. ஒரு சின்ன எஞ்சின், கண்ணாடி ஜாடிகளில் பேட்டரி வரிசை, 32 வோல்ட். மின்கம்பி எட்டாத பண்ணை வீடுகளுக்கு அதுவே கரண்ட் ஆபீஸ். 1935க்குப் பிறகு அரசின் கிராம மின்மயமாக்கல் திட்டத்தால் கம்பி வந்ததும், ஜாடிகள் மெல்ல மெல்ல வெளியேறின. கம்பியை நம்ப முடிந்தால் பேட்டரி சிறுக்கும். நம்ப முடியாவிட்டால் பேட்டரி பெருக்கும்.

நம்மூரிலும் அப்படித்தான். 2012இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் பவர் கட். அதே ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு, வடகிழக்கு இந்திய மின்தொகுப்புகள் சரிந்து, 60 கோடிப் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அந்தக் காலகட்டத்தில்தான் நம் நடுத்தர வர்க்க வீடுகளில் ஃபிரிட்ஜ் மாதிரி இன்வெர்ட்டரும் ஒரு வீட்டுச் சாமான் ஆனது.

இப்போது என் துறைக்கு வருகிறேன்.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளை நோய். பிளெக்டாம் மருத்துவமனையில் முதல் மூன்று வாரங்களில் மூச்சுத் தசை செயலிழந்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். செயற்கை சுவாசக் கருவிகள் கைவிட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், தொண்டையில் குழாய் போட்டு கையால் பையை அமுக்கிக் காற்று செலுத்தலாம் என்று காட்டினார். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் அமுக்கினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற கருத்தே அங்கிருந்து வளர்ந்ததுதான்.

பிறகு மெஷின்கள் வந்தன. கைகள் ஓய்ந்தன. ஆனால் மெஷினுக்குக் கரண்ட் வேண்டுமே!

2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, என்ஒய்யு லாங்கோன் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்து மாற்று மின்சாரமும் போனது. 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை வெளியேற்றினார்கள். ஒன்பதாவது மாடியிலிருந்து பச்சிளம் குழந்தைகளை நர்ஸுகள் கையில் ஏந்தி, பையை அமுக்கியபடியே படிக்கட்டில் இறங்கினார்கள். கோபன்ஹேகனுக்கு 60 ஆண்டுகள் கழித்தும், கடைசி பேக்கப் மனுஷக் கைதான்.

இதெல்லாம் தெரிந்த டாக்டர் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா?

எனக்குக் கம்ப்யூட்டர் கிறுக்கு உண்டு. டேட்டா சென்டர்கள் சில ஆண்டுகளிலேயே கழித்துவிடும் சர்வர்கள், செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒன்று வாங்கினேன். அப்புறம் ஒரு ரேக், ஒரு ஸ்விட்ச், நாலு ஹார்டு டிஸ்க். குடும்ப போட்டோ, கிளினிக் கணக்கு எல்லாம் அதில். மாடி அறையில் விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

சும்மா இருக்கும்போதே அது 180 வாட் இழுத்தது. ஒரு நாளைக்கு 4.3 யூனிட். இரண்டு மாத பில்லில் சுமார் 260 யூனிட். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு நுரையீரல் அடைப்பு நோய். வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். அதுவும் அதே இன்வெர்ட்டரில். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி. பெருக்கினால் 1,800 வாட் மணி. மெஷின் 300 வாட், அப்போ ஆறு மணி நேரம் தாங்கும் என்று மனக்கணக்கு.

போன வருடம் ஒரு மழை ராத்திரி கரண்ட் போனது. ஒன்றரை மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. ஓடிப் போய் சர்வரை அணைப்பதற்குள் எல்லாமே நின்றுவிட்டது.

"என்னப்பா, மெஷின் சத்தத்தைக் காணோம்?" என்றார் அப்பா.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 93. கொஞ்ச நேரத்தில் 87. அப்புறம் 83. வீட்டில் சிலிண்டர் இல்லை. ஊருக்கெல்லாம் அட்வைஸ் செய்யும் டாக்டர் வீட்டில் ஒரு சிலிண்டர் இல்லை! அப்பாவை உட்காரவைத்து, முன்பக்கம் சாய்த்து, கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். அது வருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. மொத்தம் 25 நிமிடம். அப்பா நலமாக இருக்கிறார். எனக்குத்தான் அந்த 25 நிமிடம் இன்னும் முடியவில்லை.

கணக்கு எங்கே தப்பியது?

150 என்ற எண், 20 மணி நேரம் மெதுவாக உறிஞ்சினால் கிடைப்பது. வேகமாக உறிஞ்சினால் குறையும். பழைய பேட்டரியில் இன்னும் குறையும். இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். இது போதாதென்று என் பெருமையும் 180 வாட் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த வாரமே ரேக்கைக் கழற்றினேன். இப்போது இருப்பது உள்ளங்கை அளவு மினி கம்ப்யூட்டரும் இரண்டு டிஸ்க்கும்தான். 15 வாட். இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்கூட வராது. அதற்குத் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ். அதன் வேலை பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைப்பது மட்டும். போட்டோ காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய கம்பெனிகளுக்கும் இந்த யோசனை வந்திருக்கிறது. மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே ராட்சத யூபிஎஸ் என்பதற்குப் பதிலாக, சர்வர் ஒவ்வொன்றிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்திருப்பதாக 2009இல் கூகுள் காட்டியது. எதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான்.

இன்வெர்ட்டர் இப்போது அப்பாவின் மெஷினுக்கும் ஒரு ஃபேனுக்கும் மட்டும். பக்கத்தில் ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர். சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம். அதற்குக் கரண்டே வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

கரண்ட் போனால் எது நிற்கவே கூடாது, எது நின்றால் பரவாயில்லை என்று வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள். முதல் பட்டியலில் இருப்பது மட்டும் இன்வெர்ட்டரில் இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை, பகலில், சிலிண்டரைத் தயாராக வைத்துக்கொண்டு மெயினை அணைத்துப் பாருங்கள். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் சொல்லட்டும்.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஆக்சிஜன் பக்கத்தில் பீடி, சிகரெட், ஊதுபத்தி, விளக்கு எதுவும் கூடாது. சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி வையுங்கள். ஆக்சிஜன் அளவை உங்கள் டாக்டர் சொல்லாமல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பேட்டரி வாங்கக் கடைக்குப் போகும் முன் அந்தப் பட்டியலை எழுதி முடித்துவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச்காரர்கள் செய்த வரிசை அதுதான்.