பத்தில் ஒன்று போனால்

பள்ளிக்கூட நாட்களில் என் பூகோளப் படப் புத்தகத்தில் வெஸ்ட் இண்டீஸ் என்ற தேசத்தைத் தேடித் தேடிக் களைத்துப் போயிருக்கிறேன். ரிச்சர்ட்ஸும் மார்ஷலும் உலகத்தையே கலக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆஸ்திரேலியா இருந்தது, இங்கிலாந்து இருந்தது, எல்லோரையும் நடுங்க வைத்த அந்த ஒரு தேசம் மட்டும் இல்லை. கடலில் பொரியை இறைத்தாற்போல் சில தீவுகள் இருந்தன. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித் தனிப் பெயர்.

தாத்தாவிடம் கேட்டேன். அவர் தபாலாபீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கிரிக்கெட் செய்திகளைக் கத்தரித்து ஒரு நீளக் கணக்கு நோட்டில் ஒட்டி வைப்பவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அது தேசம் இல்லையடா குழந்தே. நாலு வருஷம் தேசமாக இருந்து பார்த்தது. ஒத்து வரவில்லை" என்றார்.

ஏதோ சம்பந்தி வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோல் அவர் சொல்லிவிட்டார். அந்த நாலு வருஷக் கதையை நான் படித்துத் தெரிந்துகொள்ள வெகு காலம் பிடித்தது.

1958-ம் வருஷம் ஜனவரி 3-ம் தேதி, பிரிட்டிஷாரின் ஆட்சிக்குட்பட்ட பத்து கரிபியன் பிரதேசங்கள் சேர்ந்து ஒரு சமஷ்டி ராஜ்யமாயின. ஜமெய்க்கா, டிரினிடாட், பார்படாஸ் ஆகிய மூன்றும் பெரியவை. மற்ற ஏழும் சின்னஞ்சிறியவை. மொத்த ஜனத்தொகை முப்பது லட்சத்தை ஒட்டி. அதில் பாதிக்கு மேல் ஜமெய்க்காவில். தலைநகரமோ டிரினிடாடில் உள்ள போர்ட் ஆப் ஸ்பெயின். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மைலுக்கு மேல் கடல். பார்படாஸ்காரரான கிராண்ட்லி ஆடம்ஸ் பிரதம மந்திரியானார். ஜமெய்க்காவின் நார்மன் மான்லியும் டிரினிடாடின் எரிக் வில்லியம்ஸும் தத்தம் தீவின் நாற்காலியை விட்டு நகரவில்லை. கல்யாணத்துக்கு நாள் பார்த்து, பந்தல் போட்டு, ஊரைக் கூட்டிய பெரியவர்கள் தாங்கள் மட்டும் பந்தலுக்குள் வராமல் இருந்தது போலத்தான்.

அந்தச் சர்க்காருக்கு முதல் ஐந்து வருஷம் வருமான வரி போடும் உரிமை கிடையாது. தீவுகள் அளந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியது. பொறுமையிழந்த ஆடம்ஸ், ஐந்து வருஷம் கழிந்த பின் முன் தேதியிட்டும் வரி வசூலிக்கலாம் என்று 1958 கடைசியில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஜமெய்க்காவில் தீப்பற்றியது. அங்கே புதிதாய்த் தலையெடுத்த தொழில்களுக்குச் சுங்க ஒற்றுமையைக் கண்டு பயம். எண்ணெய் வளம் கொழித்த டிரினிடாடுக்கோ, சின்னத் தீவுகளிலிருந்து ஜனங்கள் வந்து குவிந்துவிடுவார்கள் என்று பயம்.

இங்கேதான் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. ஜமெய்க்காவின் இரு பெரும் தலைவர்கள் மான்லியும் புஸ்டமாண்டியும். இருவரும் ஒரே பாட்டியின் பேரன்மார். நம் கணக்கில் அத்தை மகனும் மாமன் மகனும். மான்லி ஆக்ஸ்போர்டில் படித்த பாரிஸ்டர். முதல் மகா யுத்தத்தில் போராடிப் பதக்கம் பெற்றவர். பேச்சில் ஒரு சொல் அதிகம் இராது. புஸ்டமாண்டிக்கோ பிறந்தபோது வைத்த பெயர் அலெக்சாண்டர் கிளார்க். வெளிநாடுகளில் சுற்றிவிட்டு, புதிய பெயரோடும் கலைந்த தலைமுடியோடும் ஊர் திரும்பி, வட்டிக்குப் பணம் கொடுத்து, பிறகு தொழிலாளர் தலைவரானவர். தம் பூர்வோத்தரத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வாராம். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அவர்மீது கொஞ்சம் பொறாமை உண்டு. 1938-ல் தொழிலாளர் கலகத்தின்போது அவரைச் சிறையில் போட்டார்கள். வெளியே கொண்டுவரப் பாடுபட்டவர் மான்லி. 1943-ல் புஸ்டமாண்டி தனிக் கட்சி கண்டார். அது முதல் ஜமெய்க்காவின் அரசியல் என்பது அந்த ஒரு குடும்பத்துச் சண்டைதான்.

சமஷ்டியின் முதல் தேர்தலில் புஸ்டமாண்டியின் கட்சியும் போட்டியிட்டது. ஜமெய்க்காவின் இடங்களில் பெரும்பாலானவற்றை வென்றும் விட்டது. ஆனால் 1960 மே மாதக் கடைசியில் ஒரு இடைத் தேர்தல் வந்தபோது, "நாங்கள் நிற்கப் போவதில்லை, இந்தச் சமஷ்டியே வேண்டாம்" என்று அவர் சொல்லிவிட்டார். மான்லி உடனே, "அப்படியானால் ஜனங்களையே கேட்டுவிடுவோம்" என்றார். சட்டப்படி அவர் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. சட்டசபையில் 45 இடங்களில் 29 அவர் கட்சியினுடையது.

1961 செப்டம்பர் 19-ம் தேதி பொதுஜன வாக்கெடுப்பு நடந்தது. சமஷ்டி வேண்டும் என்றவர்கள் 2,17,319 பேர். வேண்டாம் என்றவர்கள் 2,56,261 பேர். கிங்ஸ்டன் நகரம் வேண்டும் என்றது. கிராமங்கள் வேண்டாம் என்றன. வித்தியாசம் 38,942 வாக்குகள். ஒரு பட்டணத்துத் திருவிழாக் கூட்டம்.

அதற்குப் பிறகு எழுந்த வாக்குவாதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாக்காளரில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேர் வாக்குச் சாவடிப் பக்கமே வரவில்லை. மொத்த வாக்காளரில் மூன்றில் ஒரு பங்கினர் சொல்லி ஒரு ராஜ்யத்தை உடைக்கலாமா என்றது ஒரு கட்சி. வராதவர்களுக்கு அபிப்பிராயம் இல்லை என்று அர்த்தம், அவர்களைச் சாட்சிக்கு அழைக்காதே என்றது மறு கட்சி. சமஷ்டியின் சட்டத்தில் பிரிந்து போவதற்கு வழியே எழுதப்படவில்லை. அப்படியிருக்க லண்டனில் உள்ளவர்கள் ஒரு தீவை மட்டும் எப்படிக் கதவைத் திறந்து அனுப்பலாம் என்று சின்னத் தீவுகள் கேட்டன. ஆடம்ஸின் வாய்தான் கெடுத்தது என்றார்கள் சிலர். மான்லியே பிரதம மந்திரியாய்ப் போயிருந்தால் ஜமெய்க்காவுக்கு நம்பிக்கை பிறந்திருக்கும் என்றார்கள் வேறு சிலர். மான்லி கேட்டிருக்கவே கூடாது என்றவர்களோ இன்றைக்கும் இருக்கிறார்கள்.

என் நண்பர் ஒருவர், சரித்திர ஆசிரியர், அந்தக் கடைசிக் கட்சியைச் சேர்ந்தவர். "வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட பிறகு, வீடு வேண்டுமா என்று பிள்ளைகளைக் கேட்பவன் தகப்பனா?" என்பார். முன்பெல்லாம் நான் தலையாட்டிவிடுவேன். எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்தபோது, பெரியப்பா யாரையும் கேட்காமல் இன்னும் பத்து வருஷம் சேர்த்து வைத்திருந்தால் நன்றாயிருந்திருக்குமே என்று அம்மா பெருமூச்சு விட்டதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் கேட்காமல் சேர்த்து வைத்திருந்த அந்தப் பழைய பத்து வருஷங்களில் சமையலறையில் எத்தனை தட்டு உடைந்தது என்பதையும் அம்மாவே வேறொரு நாள் சொல்லியிருக்கிறாள். ஆகையால் இந்த வழக்கில் நான் இப்போது மான்லி பக்கம். அவர் தப்பு கேட்டதில் இல்லை. கேட்பதற்கு முன் மூன்று வருஷம் கிராமங்களுக்குப் போய்ச் சமஷ்டி என்றால் இன்னதென்று சொல்லாமல் இருந்ததில்தான். அந்தக் காலியிடத்தில் புஸ்டமாண்டி ஏறி நின்று, வரி வரும், சின்னத் தீவுகளின் பாரம் உன் முதுகில் ஏறும் என்றார். கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்கத்தி பிடித்தவனுக்கு அதுதான் புரிந்தது. அதற்காக அவனை அசடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தோற்ற மனிதர் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மறு வாக்கெடுப்பு என்ற பேச்சையே மான்லி எடுக்கவில்லை. தாம் வேண்டாம் என்று வாதாடிய தனிச் சுதந்திரத்தைத் தாமே கேட்டு வாங்கப் புறப்பட்டார். இரண்டு கட்சியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அரசியல் சட்டம் எழுதின. பிறகு, 1962 ஏப்ரல் 10-ம் தேதி தேர்தல் வைத்து அதிலும் தோற்றார்: 26-க்கு 19. அந்த ஆகஸ்ட் 6-ம் தேதி ஜமெய்க்கா சுதந்திரம் அடைந்தபோது பிரதம மந்திரி நாற்காலி மாமன் மகனுக்கு.

டிரினிடாடில் எரிக் வில்லியம்ஸ் 1961 டிசம்பர் தேர்தல் முடிகிறவரை வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் ஒரு கணக்குச் சொன்னார்: பத்திலிருந்து ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம். அவர் ஆக்ஸ்போர்டில் பட்டம் பெற்ற சரித்திர பண்டிதர். கணக்கும் இப்படி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மிச்சமிருந்த எட்டைச் சேர்த்துக் கட்டச் சிலர் சில வருஷம் பாடுபட்டார்கள். பொருளாதார நிபுணர் ஆர்தர் லூயிஸ், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், அலையாய் அலைந்தார். நடக்கவில்லை. 1962 மே 31-ம் தேதி சமஷ்டி கலைந்தது.

அது உயிரை விட்டுக்கொண்டிருந்த அந்தச் சில மாதங்களில்தான் நம் கிரிக்கெட் குழு அங்கே சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது. தாத்தாவின் நோட்டில் பன்னிரண்டு பக்கங்கள் அதற்கே. ஐந்து டெஸ்டும் தோல்வி. மார்ச் மாதம் பார்படாஸ் தீவின் குழுவோடு ஆடும்போது கிரிபித் வீசிய பந்து காப்டன் நாரி கண்டிராக்டரின் மண்டையில் பட்டது. உயிர் ஊசலாடியது. ரத்தம் கொடுக்க வந்தவர்களில் நம் போர்டே, உம்ரிகர், நட்கர்னியோடு எதிர்க் குழுக் காப்டன் பிராங்க் வொரலும் இருந்தார். இருபத்தொரு வயது பட்டோடி காப்டனானார். நாலாவது டெஸ்ட் போர்ட் ஆப் ஸ்பெயினில், கலையப் போகிற சர்க்காரின் தலைநகரில். ஐந்தாவது, ஏப்ரல் 13-ம் தேதி கிங்ஸ்டனில் ஆரம்பம். மான்லி தோற்று மூன்றே நாள். அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களில், வேண்டும் என்றவனும் வேண்டாம் என்றவனும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்து ஒரே குழுவுக்காகக் கை தட்டியிருப்பார்கள். செத்துக்கொண்டிருந்த ராஜ்யத்தின் பெயர்தான் அந்தக் குழுவுக்கும். வொரல் பார்படாஸ்காரர். ஜமெய்க்காவில் குடியேறி, அதே வருஷம் அந்தத் தீவின் மேல்சபையிலும் அங்கத்தினரானார். 1967-ல் கிங்ஸ்டனில் இறந்தபோது நாற்பத்திரண்டு வயது.

மான்லி 1969-ல் இறந்தார். புஸ்டமாண்டி 1977-ல், ஆகஸ்ட் 6-ம் தேதி, சுதந்திர தினத்தன்றே. இருவரையும் கிங்ஸ்டனில் ஒரே பூங்காவில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

தாத்தா போன பிறகு அந்த நோட்டு என்னிடம் வந்தது. கிங்ஸ்டன் ஸ்கோர் ஒட்டிய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். ஆட்டக்காரர் பெயர், எதிரே அவர் ஊர். வொரல், ஸோபர்ஸ், ஹால் - பார்படாஸ். மக்மாரிஸ் - ஜமெய்க்கா. கன்ஹாய், கிப்ஸ் - பிரிட்டிஷ் கயானா. பிரிட்டிஷ் கயானா அந்தச் சமஷ்டியில் கடைசிவரை சேரவே இல்லை. தாத்தாவுக்கு அது தெரிந்திருக்கிறது. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, பிறகு அதை அழித்திருக்கிறார்.