சாக்கு மூட்டையும் ஒற்றை அறையும்: பிளேக் முதல் கொரோனா வரை கொழும்பு

2020 ஒக்டோபர் கடைசி. பேலியகொடை மீன் சந்தையில் தொடங்கிய கொரோனாக் கொத்தணி கொழும்பு வடக்குக்குள் வந்து, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை என்று ஒவ்வொரு பகுதியாக முடக்கப்பட்ட நாட்கள். டீவியில் ஒரே அறிவுரை: வீட்டுக்குள் இருங்கள், ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள், அடிக்கடி கை கழுவுங்கள், காய்ச்சல் உள்ளவரைத் தனி அறையில் வையுங்கள். எங்களில் ஒருவர் கொட்டாஞ்சேனைத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தனி அறையா? இருக்கிறதே ஒரு அறைதானே."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியில இருந்துதான் தொடங்குது. அறிவுரையில் பிழை இல்லை. ஆனால் அதைச் சொன்னவர்களின் மனதில் ஒரு வீடு இருந்தது. அதில் இரண்டு மூன்று அறைகள், உள்ளுக்குள்ளேயே பைப், சொந்தக் கக்கூஸ். அந்த வீடு இல்லாதவர்களிடம் அதே அறிவுரை போய்ச் சேரும்போது என்ன நடக்கும்? கொழும்பு இந்தக் கேள்வியை நூறு வருடத்துக்கு முதலே சந்தித்திருக்கிறது.

1914: அரிசியோடு வந்த நோய்

1894இல் ஹொங்கொங்கில் பிளேக் பரவியது. 1896இல் பம்பாய்க்கு வந்தது. கொழும்பு அதற்குப் பிறகும் பல வருடங்கள் தப்பித்துக்கொண்டிருந்தது. கடைசியில் 1914 ஜனவரியில் இங்கேயும் வந்துவிட்டது. முதலில் அடிபட்டது புறக்கோட்டைப் பக்கம், செட்டியார் தெருவும் அதைச் சுற்றியிருந்த சந்துகளும்.

ஏன் அங்கே? அந்தக் காலத்து இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவில் இருந்தும் இந்தியாவில் இருந்தும் கப்பலில் வந்தது. துறைமுகத்தில் இறங்கிய சாக்குகள் நேராகப் போனது புறக்கோட்டைக் களஞ்சியங்களுக்கு. அந்தக் களஞ்சியங்களுக்கு மேலேயும் பின்னாலேயும் ஆட்கள் இருந்தார்கள்: மூட்டை சுமந்தவர்கள், கடைச் சிப்பந்திகள், வண்டிக்காரர்கள், அவர்களுடைய குடும்பங்கள். வரிசையாக ஒற்றை அறைகள், நடுவில் ஒரு ஒடுங்கிய நடை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணிக்குழாய். இந்த மாதிரிக் குடியிருப்புக்குச் சிங்களத்தில் இன்றைக்கும் 'முடுக்கு' என்றுதான் பேர். அது எங்கட தமிழ்ச் சொல். ஒடுங்கிய சந்தைக் குறிக்கிற சொல்லே ஏழைகளின் வீட்டுக்குப் பெயராகிப் போச்சு.

பிளேக் எலியின் நோய். எலியில் இருந்து மனிதருக்கு அதைக் கொண்டுவருவது தெள்ளு. இதை 1898இல் கராச்சியில் வைத்து போல் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் காட்டினார். அப்ப சிலர் அவரை நம்பவில்லை. பிறகு இந்தியாவில் நடந்த ஆய்வுகள் அது சரிதான் என்று உறுதிப்படுத்தின.

கொழும்பில் மட்டும் ஒரு புதிர் மிஞ்சியது. எலி நகரம் முழுக்க இருந்தது. பிளேக்கோ ஏன் களஞ்சியங்களைச் சுற்றியே திரும்பத் திரும்ப வந்தது? மாநகர சபையின் நுண்ணுயிர் ஆய்வாளராக இருந்த ஃபேபியன் ஹேர்ஸ்ட் எலிகளைப் பிடித்து, அவற்றின் தெள்ளுகளைப் பிரித்துப் பார்த்தார். நகரத்தில் அதிகம் இருந்த தெள்ளு இனம் பிளேக்கைக் கடத்துவதில் கெட்டித்தனம் இல்லாதது. நன்றாகக் கடத்தக்கூடிய இன்னொரு இனம் தானியத்தோடும் சாக்கோடும் வெளியில் இருந்து வந்து, களஞ்சியப் பகுதி எலிகளில் குடியேறியிருந்தது. பிளேக் போன பாதை அந்தத் தெள்ளின் பாதை. ஹேர்ஸ்ட் பின்னர் 1953இல் பிளேக்கின் வரலாற்றைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார்.

இதை நாங்கள் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கு. கொள்ளைநோய் வரும்போதெல்லாம் முதலில் வருகிற பேச்சு "அந்த ஆட்கள் சுத்தமில்லை" என்பதுதான். ஆனால் அந்த ஆட்கள் சாக்குக்குப் பக்கத்தில் படுத்தது பழக்கத்தால் இல்லை. வேலை அங்கே இருந்தது. கட்டக்கூடிய வாடகைக்கு அறையும் அங்கேதான் இருந்தது.

இதே காலத்தில்தான் மலையகத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களை ராகமையிலும் பிறகு இந்தியக் கரையில் மண்டபம் முகாமிலும் நாட்கணக்கில் நிறுத்திவைத்துச் சோதித்தார்கள். மனிதரை மறிப்பது லேசு. அவர்கள் போய்ச் சேருகிற லயன் அறையை மாற்றுவதுதான் கஷ்டம்.

வீட்டை அளந்த சட்டம்

ஆனாலும் பிளேக் ஒரு பாடத்தைப் படிப்பித்தது. அடுத்த வருடமே, 1915இல், வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் எவ்வளவு வெளி விட வேண்டும், அறைக்குள் எப்படி வெளிச்சமும் காற்றும் வர வேண்டும், தெரு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்றெல்லாம் அது பேசியது. மனிதர் வசிக்கத் தகுதியில்லாத வீட்டை மூடவும் உடைக்கவும் அதிகாரம் கொடுத்தது. இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிற சட்டம் இது. வீடு கட்ட மாநகர சபைக்குப் போனால் இதன் பெயர் காதில் விழும்.

நோயைத் தடுக்க வீட்டை அளக்க வேண்டும் என்று ஒரு அரசு ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். சிக்கல் என்னவென்றால், உடைத்தால் அங்கே இருந்தவர் எங்கே போவார்? 1921இல் கொழும்புக்கான நகரத் திட்ட அறிக்கையை எழுதிய பட்ரிக் கெடஸ் இதே கேள்வியை இந்திய நகரங்களில் முதலே கேட்டிருந்தார். நெரிசலான வீடுகளை இடித்துத் தள்ளினால், அங்கே இருந்தவர்கள் அடுத்த சந்துக்குப் போவார்கள், அந்தச் சந்தும் நெரியும் என்பது அவருடைய வாதம். மொத்தமாக உடைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள் என்றார்.

அந்த வழியில் இங்கே நடந்த வேலை பல பத்து வருடம் பிந்தித்தான் வந்தது. 1970களின் கடைசியில் யுனிசெப் உதவியோடு கொழும்புத் தோட்டங்களில் பொதுக்குழாய், கக்கூஸ், வடிகான் போட்டார்கள். வீடுவீடாகப் போகிற சுகாதாரப் பணியாளர்களையும் வைத்தார்கள். இதுக்குள்ள ஒரு எளிய கணக்கு இருக்கு. ஐம்பது குடும்பத்துக்கு ஒரு பைப் என்றால், காலையில் பிடித்துவைத்த வாளித் தண்ணி குடிக்கவும் சமைக்கவும்தான் காணும். கை கழுவுவது கடைசி. வீட்டுக்குள் பைப் வந்தால், யாரும் சொல்லாமலே பிள்ளை கை கழுவும்.

தோட்டமும் தொடர்மாடியும்

2001இல் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று கொழும்பு மாநகரத்தில் 1,614 குறைந்த வருமானக் குடியிருப்புகளில் 77,612 குடும்பங்கள் இருப்பதாகச் சொன்னது. நகர மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர். 2010க்குப் பிறகு இவர்களில் பல ஆயிரம் குடும்பங்களை உயரமான தொடர்மாடிகளுக்கு மாற்றினார்கள். அங்கே சொந்தப் பைப் வந்தது, சொந்தக் கக்கூஸ் வந்தது. அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பல வீடுகள் சுமார் 400 சதுர அடிதான். பத்துப் பன்னிரண்டு மாடிக்கு எல்லாரும் ஏறி இறங்குவது ஒரே லிப்டில், ஒரே படியில். 2020இல் கொழும்பு வடக்கில் சில தொடர்மாடிகளை மொத்தமாகவே முடக்கினார்கள். நாட்கூலிக்குப் போகிறவருக்கு முடக்கம் என்றால் அடுப்பும் முடங்கிற மாதிரி.

அதே நேரம் வெள்ளவத்தையில் என்ன? நாங்கள் அங்கேயும் இருந்தோம். மூன்று அறை பிளட்டில் இருந்தவர்கள் போனில் சாமான் ஓடர் பண்ணி, கதவடியில் எடுத்தார்கள். அதே தெருவில், ஊரில் இருந்து படிக்கவும் வேலைக்கும் வந்த பெடியள் ஆறு பேர் ஒரு போர்டிங் அறையில். ஆக, கொட்டாஞ்சேனை ஏழை, வெள்ளவத்தை வசதி என்று கோடு கீறுவதும் சரிவராது.

வெள்ளவத்தைக்கு வேறொரு பாடமும் இருக்கு. 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. மேல் மாகாணத்துக்கே பெரிய அடி. டெங்கு நுளம்பு நல்ல தண்ணியில் வளரும்: பூச்சாடித் தட்டு, அடைத்த பீலி, மொட்டைமாடித் தாங்கி, பாதியில் நிற்கிற கட்டடம். பூச்சாடியை வீட்டுக்காரர் கவிழ்க்கலாம். மொட்டைமாடி யாருடைய பொறுப்பு? பொது இடம் எல்லாருடையதும் என்றால், நடைமுறையில் அது ஒருவருடையதும் இல்லை. முடுக்கின் பொதுக்குழாய்க்கு இருந்த பிரச்சினைதான் இதுவும்.

அறிவுரை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கை கழுவத்தான் வேண்டும். ஆனால் அறிவுரைக்கு முதல் கேட்க வேண்டியது: பைப் எங்கே? எத்தனை பேருக்கு எத்தனை அறை? பொது இடத்தைத் துப்புரவாக்குவது யார், அதற்குக் காசு யார் தருவது? 1915இல் எழுதின சட்டத்துக்குள்ளேயே இதில் பாதி இருக்கு.

கொட்டாஞ்சேனை அம்மாவின் கதையைச் சொல்லி முடிப்பம். நவம்பரில் அவர் வீட்டில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. அறைக்குக் குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டினார்கள். அப்பா அந்தப் பக்கம், மற்ற நாலு பேரும் இந்தப் பக்கம். இரவில் இரண்டு பேர் வெளி நடையில் படுத்தார்கள். அறிவுரையை அவர்கள் ஒருநாளும் மீறவில்லை. கையில் இருந்த சேலையை வைத்து அதைச் செய்து பார்த்தார்கள்.