கைநாட்டும் காமிராவும்: பழவேற்காடு வழியாக ஒரு நோட்டரி வரலாறு

"நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கிட்டு வந்துருங்க சார்." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இந்தியாவில் யாரும் 30 வயதைத் தாண்ட முடியாதுன்னு நினைக்கிறேன். பள்ளிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேற இனிஷியலா? அஃபிடவிட். மார்க்‌ஷீட் தொலைஞ்சு போச்சா? அஃபிடவிட். படகு எஞ்சின் பில் தண்ணியில போச்சா? அதே அஃபிடவிட்தான்.

பொட்டி தட்டிப் பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு உடனே தோன்றும் கேள்வி, இதை ஏன் வீடியோ காலில் முடிக்கக் கூடாது என்பதுதான். 2020 ஜனவரியிலேயே வங்கிகள் வீடியோ மூலமா கேஒய்சி செய்யலாம்னு ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதுக்கும் முன்னால், 2003-இல் பிரஃபுல் தேசாய் வழக்கில், வீடியோ கான்ஃபரன்ஸில் சாட்சியம் பதிவு செய்தாலும் அது 'முன்னிலையில்' செய்ததுதான் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது. அப்புறம் நோட்டரிக்கு மட்டும் என்ன தனிக் கொம்பு?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் தூரத்திலிருந்து சான்று தருவது இன்டர்நெட் வந்தபிறகு பிறந்த விஷயம் இல்லை. அதைத் தேடி எஸ்தோனியாவுக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டாம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காடு போதும். நடுவில் திருவெண்ணெய்நல்லூரில் மட்டும் ஒரு நிமிஷம் இறங்கிட்டுப் போவோம்.

மூல ஓலையும் படி ஓலையும்

பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும். சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கும்போது ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை, உன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை இருக்கு" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழவர் அசராமல், "கிழிச்சது படி ஓலைதான், மூல ஓலை என்கிட்ட இருக்கு" என்று எடுத்து நீட்டுகிறார். (இவர்தான் உலகின் முதல் பேக்கப் எடுத்தவர் :-) )

சாமி கதையை ஓரமா வைத்துவிட்டு சபை செய்ததை மட்டும் பாருங்க. ஓலையில் இருப்பது தாத்தாவின் கையெழுத்துதானா என்று, காப்பில் இருந்த அவருடைய இன்னொரு எழுத்தோடு ஒப்பிடுகிறார்கள். எழுதியவர் அங்கே இல்லை. இருந்தாலும் ஆவணத்தைச் சோதிக்க ஒரு முறை இருந்திருக்கிறது. சேக்கிழார் எழுதியது 12-ஆம் நூற்றாண்டில். அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் நிலம் கைமாறும் இடமாக 'ஆவணக்களரி' என்ற சொல் வருகிறது. எழுதத் தெரியாதவர் போடும் அடையாளத்துக்குப் பெயர் தற்குறி. இன்னைக்கு அது வசவு. அன்னைக்கு அது சட்டப்படி செல்லுபடியாகும் ஒரு கையொப்பம்.

இன்னொன்றையும் ஞாபகம் வச்சுக்கோங்க. அது ஒரு அடிமை ஓலை. அதை வைத்து யாரை அடிமை என்று சொன்னார்களோ, அவர் அதில் கையெழுத்துப் போடவே இல்லை.

'ஒத்துப்போகிறது'

இப்போ பழவேற்காடு. 1610-இல் டச்சுக்காரர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1612-இல் சாந்தோம் போர்ச்சுகீசியர்கள் வந்து அவர்கள் கிடங்கை அடித்து நொறுக்க, 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழும்பியது. 1690-இல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டல வியாபாரத்துக்கு இந்த ஊர்தான் தலைநகரம். கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. (நம்ம கப்பலோட்டிய தமிழர் இல்லைங்க, அவர் வேற.)

அந்தக் கம்பெனியின் பிரச்சினையை நினைச்சுப் பாருங்க. முதலாளிகள் ஆம்ஸ்டர்டாமில், பொறுப்பாளர்கள் பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா), வேலையாட்கள் இந்த ஏரிக்கரையில். ஒரு கடிதம் போய்ச் சேர மாதக்கணக்காகும். கப்பல் முழுகினால் கடிதமும் முழுகும். அதனால் ஒரே கடிதத்துக்குப் பல பிரதிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினார்கள். பிரதி சரிதான் என்று யார் சொல்வது? அதற்கென்றே 'சத்தியம் செய்த எழுத்தர்' என்று ஒருவர். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடியில் 'அக்கோர்டேர்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். 'ஒத்துப்போகிறது' என்று அர்த்தம். நம்ம 'ட்ரூ காப்பி' சீலுக்கு இவரைப் பெரியப்பா என்று சொல்லலாம்.

சம்பளத்திலும் இதே கதைதான். இங்கே வேலை செய்யும் ஒரு சிப்பாய், வருஷத்துக்கு 3 மாதச் சம்பளம் வரை ஹாலந்தில் இருக்கும் மனைவியோ பெற்றோரோ பிள்ளைகளோ வாங்கிக்கொள்ளும்படி ஒரு 'மாதச் சீட்டு' எழுதிக் கொடுக்கலாம். ஆள் ஒரு கண்டத்தில், காசு இன்னொரு கண்டத்தில், நடுவில் ஒரு காகிதம். அந்தக் காகிதத்தை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுப்பு எரித்தன.

இந்தக் கம்பெனியின் ஆவணங்கள் சுமார் 2.5 கோடிப் பக்கம் மிஞ்சியிருக்கின்றன. ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன், நம்ம சென்னை என்று சிதறிக் கிடக்கும் இவற்றை 2003-இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் பிரமாதமான ஏற்பாடு. பேக்கப் இருக்கு, சரிபார்ப்பு இருக்கு, ஆடிட் டிரெயிலும் இருக்கு.

பழவேற்காட்டு கேத்ரின்

இதே காகிதங்களின் இன்னொரு பக்கம் அடிமை வியாபாரம். பஞ்சமும் சண்டையும் வந்த வருஷங்களில் சோழமண்டலக் கரையில் வாங்கிய மனிதர்களை டச்சுக் கப்பல்கள் இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் ஏற்றிப் போயின. அந்தத் துறைமுகங்களில் பழவேற்காடும் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் இருக்கும் பழைய கிரயப் பத்திரங்களில் மனிதர்களுக்கு ஊரே பெயராக இருக்கும். 'வான் கோரமண்டல்', 'வான் பெங்கால்', 'வான் பலியாக்கட்டே'. கடைசியில் இருப்பது நம்ம பழவேற்காடு.

அப்படி ஒருத்தர் 'குரோட் கேத்ரின் வான் பலியாக்கட்டே'. பெரிய கேத்ரின். பழவேற்காட்டில் பிறந்து பட்டாவியாவில் அடிமையாக இருந்தவர். 1656-இல் காதலனைக் கொன்ற குற்றத்துக்காக அங்கே மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதை நாடுகடத்தலாக மாற்றி, 1657-இல் கேப்புக்கு அனுப்பினார்கள். அங்கே இவருக்குப் பிறந்த பையன் கிறிஸ்டோஃபெல் ஸ்னைமான். இன்னைக்குத் தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமான் என்ற குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களின் மூதாதை.

இந்தம்மாவைப் பற்றி நமக்குத் தெரிந்தது முழுக்கக் கம்பெனி ஆட்கள் எழுதிய காகிதம். பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்பது அதில் இல்லை. பிரதி சரியா என்று பார்க்க ஆள் இருந்தார். ஆனால் உள்ளே எழுதியிருப்பதற்கு அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்பது அவர் வேலை இல்லை. சத்தியம் செய்த எழுத்தர் யாருக்குச் சத்தியம் செய்தார்? கம்பெனிக்கு.

என்னைப் பொறுத்தவரை நோட்டரி வரலாற்றின் மையக் கேள்வி இதுதான். 'ஆள் நேரில் வந்தாரா' என்று கேட்டால் மட்டும் போதாது. 'பார்த்தவர் யாருடைய ஆள்' என்றும் கேட்கணும்.

விரல் வந்த கதை

1858 ஜூலை, வங்காளத்தில் ஜங்கிபூர். வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரளைக்கல் சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் போடுகிறார். "இது என் கையெழுத்தே இல்லை" என்று பின்னால் பல்டி அடித்துவிடக் கூடாது என்று அவருடைய உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதிக்கிறார். 1877-இல் ஹூக்ளியில் பத்திரப் பதிவுக்கும் பென்ஷனுக்கும் விரல் ரேகை வாங்கும் பழக்கத்தைக் கொண்டுவந்ததும் இவரே. செத்துப்போன பென்ஷன்காரர் பெயரில் வேற ஆள் வந்து காசு வாங்கிவிடக் கூடாது இல்லையா? 2014-இல் மத்திய அரசு தொடங்கிய ஜீவன் பிரமாண் டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழின் வேர் அங்கேதான் இருக்கு.

இங்கேயும் பயந்தது யாருன்னு பாருங்க. அரசாங்கம் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக வந்தது விரல் ரேகை. கோனாய் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக இல்லை.

நோட்டரி விஷயத்தில் இன்னும் வேடிக்கை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் நோட்டரிகளை நியமிக்கும் அதிகாரம், கேன்டர்பரி பேராயரின் கீழ் இருந்த 'மாஸ்டர் ஆஃப் ஃபாக்கல்டிஸ்' என்ற அதிகாரி கையில். மதராஸில் ஒருத்தர் சீல் குத்த இங்கிலாந்தில் இருக்கும் பாதிரியார் அலுவலகம் அனுமதி தரணும்! சுதந்திரம் வந்தபிறகு 1952-இல் நோட்டரிகள் சட்டம் இயற்றி, 1956-இல் அது அமலுக்கு வந்ததும்தான் இந்தப் பழக்கத்துக்கு மங்களம் பாடினோம்.

காமிரா வருகிறது

இணையவழி நோட்டரிக்கு முதலில் கதவைத் திறந்தது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம். 2011-இல் சட்டம், 2012 ஜூலையில் அமல். நோட்டரி தன் இடத்தில், நீங்கள் உங்கள் இடத்தில். அடையாள அட்டையை மென்பொருள் சோதிக்கும், உங்களுக்கு மட்டுமே பதில் தெரியும் கேள்விகள் சில வரும், கடைசியில் டிஜிட்டல் சீல் விழும். வீடியோவைப் பல வருஷம் பத்திரப்படுத்தணும். 2020 கொரோனா வந்ததும் மற்ற மாநிலங்களும் வரிசையாக வந்து, இப்போ 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதற்குச் சட்டம் இருக்கு.

நம்ம நோட்டரிகள் சட்டத்தில் வீடியோ என்ற பேச்சே இல்லை. நோட்டரி ஒரு பதிவேடு வைத்திருக்கணும், அதில் வந்தவர் கையெழுத்துப் போடணும். 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் உயில், அதிகாரப் பத்திரம் போன்றவற்றை மின்னணு வடிவத்துக்கு வெளியே வைத்தது. 2022 செப்டம்பரில் இதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். யாருக்கு? ரிசர்வ் வங்கி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டில் இருக்கும் நிதி நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு. அதாவது கடன் வாங்குபவர், கடன் கொடுப்பவருக்கு எழுதுவது. எழுத்தர் யாருடைய ஆள் என்ற பழைய கேள்வி மறுபடியும் எட்டிப் பார்க்குதா?

ஆன்சைட்டில் இருக்கும் நம் மக்களுக்கு இந்த வலி தெரியும். ஊரில் இருக்கும் நிலத்துக்கு அப்பா பெயரில் பவர் கொடுக்கணும்னா, லீவு போட்டுத் தூதரகத்துக்கோ அங்கே உள்ள நோட்டரியிடமோ ஓடணும். பத்திரம் இந்தியா வந்ததும் 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டணும். வீடியோவில் முடிந்தால் பெரிய நிம்மதிதான், மறுக்கவில்லை. 2025 மே மாதம் மத்திய நில வளத் துறை கருத்துக் கேட்டு வெளியிட்ட பதிவு மசோதா வரைவும் ஆன்லைன் பதிவைப் பற்றிப் பேசுகிறது.

ஆனால் குப்பத்தில்?

ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கு. தெற்கு ஓரத்து மீனவக் குப்பங்களுக்குத் தாலுகா ஆபீஸ், கோர்ட், பத்திர ஆபீஸ் எல்லாத்துக்கும் பொன்னேரிதான். ஒரு நாள் பொன்னேரி போனால் ஒரு நாள் தொழில் போச்சு. கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 7 வருஷம் யாரும் கேள்விப்படாத ஒருவரைத்தான் இறந்தவராக ஊகிக்கலாம் என்பது சட்டத்தின் பொது விதி. அதுவரைக்கும் அந்த வீட்டம்மா ஒவ்வொரு ஆபீஸுக்கும் ஒரு உறுதிமொழிக் காகிதம் தூக்கிக்கிட்டு நடக்கணும். ஆக, இணைய நோட்டரி அதிகம் உதவ வேண்டியது நியூஜெர்சிக்கு இல்லை, குப்பத்துக்குத்தான்.

அங்கேதான் இடிக்குது. இறால் தடவிப் பிடித்தும் வலை இழுத்தும் தேய்ந்த விரலை ரேகை மெஷின் சில சமயம் படிக்காது. சரி, முகத்தைக் காட்டலாம். ஆனால் அந்த ஃபோனைப் பிடித்திருப்பது யார்? எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கு முன்னால் ஃபோனை நீட்டுபவர் பல சமயம் அந்தப் பத்திரத்தால் லாபம் அடையும் உறவுக்காரராகவோ புரோக்கராகவோதான் இருப்பார். காமிராவில் ஆயா முகம் தெரியும். காமிராவுக்குப் பின்னால் நிற்கிறவர் முகம் தெரியாது.

இதற்கு மாற்று வழி ஏரிக்குள்ளேயே இருக்கு. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை முறை வைத்தும் சீட்டுக் குலுக்கியும் பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறை இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. அதுக்கு நோட்டரி சீல் கிடையாது. பங்கு உள்ள எல்லாரும் கண்ணால் பார்க்க நடக்கும், அதுதான் சீல். (பாட்டில் பங்கே இல்லாதவர்களுக்கு அது நியாயமா என்பது வேறு பெரிய கேள்வி.)

நம்ம சட்டத்துக்கும் இந்த அக்கறை புதுசு இல்லை. கோஷா பெண்கள் எழுதிய பத்திரங்களில், படித்துக் காட்டி விளங்க வைத்தார்களா என்று பிரிவி கவுன்சில் காலத்திலேயே கேட்டார்கள். எழுத்தறிவில்லாதவர்களுக்கும் நீதிமன்றங்கள் அதை விரித்திருக்கின்றன. 1908 பதிவுச் சட்டப்படி, நடமாட முடியாதவர் வீட்டுக்கு அதிகாரியே போகலாம். ஆள் ஆபீஸுக்கு வருவதற்குப் பதில் ஆபீஸ் ஆளிடம் போகிறது. என் பார்வையில் உண்மையான 'ரிமோட்' அதுதான்.

அதனால் நாளைக்கு இங்கே இணைய நோட்டரி வந்தால் மூன்று விஷயம் இருக்கணும் என்பது என் கட்சி. ஒண்ணு, பத்திரத்தைத் தமிழில் முழுசா வாசித்துக் காட்டுவதும் அந்த வீடியோவில் இருக்கணும். ரெண்டு, லாபம் அடைபவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி ஒரு பொது இடத்தில், பத்திரத்தில் சம்பந்தம் இல்லாத ஒருவர்தான் ஃபோனைப் பிடிக்கணும். மூணு, வீடியோவின் ஒரு பிரதி எழுதிக் கொடுத்தவர் கையில் இருக்கணும், கம்பெனி சர்வரில் மட்டும் இல்லை. இந்த மூணும் இல்லாமல் வந்தால், 'ஒத்துப்போகிறது' என்ற பழைய கையெழுத்தை ஹெச்டியில் எடுத்ததாகத்தான் இருக்கும்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. இதை நம்பி யாரும் பத்திரம் எழுதிவிடாதீங்க, ஒரு நல்ல வக்கீலைப் பாருங்க. மாறாக, பழவேற்காடு பக்கம் போனால் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்காமல் வராதீங்க. பெயர் பொறித்த கல்லெல்லாம் கம்பெனிக்காரர்களுடையது. கேத்ரினோடு கப்பல் ஏறியவர்களுக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை.